முகூர்த்தத்துக்கு முன்னால் நோட்டீஸ்! - வெளிநாட்டில் கல்யாணம் செய்யப்போகிறவர்கள் கவனத்துக்கு...

"சம்பந்தி, பையனுக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம். நீங்கள்லாம் லண்டனுக்கே வந்துடுங்க. அங்கேயே நல்ல கோயில் இருக்கு. தை மாசத்துல ஒரு முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்டிடலாம்."

"அதுக்கென்ன சம்பந்தி, டூரிஸ்ட் விசா எடுத்துட்டா போச்சு!"

இன்று பல வீடுகளில் நடக்கிற பேச்சுதான் இது. மண்டபம், சாப்பாடு, பட்டுப்புடவை, நாதஸ்வரம் என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். ஆனால், இந்த இரண்டு வரிப் பேச்சுக்குள் இரண்டு சட்டச் சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, சாதாரண சுற்றுலா விசாவில் போய் பிரிட்டனில் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அதற்கென்றே 'மேரேஜ் விசிட்டர்' என்று தனி விசா இருக்கிறது. இரண்டு, கோயிலில் தாலி கட்டிவிட்டதாலேயே அந்த நாட்டுச் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி ஆகிவிடுவதில்லை.

"என்னது, ஐயர் மந்திரம் சொல்லி, அக்னி சாட்சியாகத் தாலி கட்டினாலும் கல்யாணம் இல்லையா?" என்று கேட்கத் தோன்றும். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் ஒரு வழக்கம், அங்கே ஒரு வழக்கம்

இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி, மணமக்களின் வழக்கப்படி சடங்கு நடந்தால் அது கல்யாணம். தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, புரோகிதர்கூட வேண்டாம். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டியது கட்டாயம்தான். ஆனால், அந்தப் பதிவு ஏற்கெனவே நடந்த கல்யாணத்துக்கான சான்று. நம் ஊரில் சடங்குதான் கல்யாணம், பதிவு அதற்குச் சாட்சி.

பல வெளிநாடுகளில் இது தலைகீழ். அங்கே பதிவாளர் முன்னிலையில், அல்லது அரசு அனுமதி பெற்றவர் முன்னிலையில், முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, உறுதிமொழி சொல்லிக் கையெழுத்துப் போடுவதுதான் கல்யாணம். மேளதாளம், தாலி, சப்தபதி எல்லாம் குடும்பத்தின் சந்தோஷம். அவ்வளவுதான்.

இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், வெளிநாட்டுக் கல்யாணச் சிக்கல்களில் பாதி தீர்ந்துவிடும். மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து வழக்கு ஒன்று இருக்கிறது. 1998-ல் லண்டன் உணவகம் ஒன்றில் ஒரு ஜோடிக்கு உறவினர்கள் சூழ நிக்காஹ் நடந்தது. பிறகு சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று பேச்சு. அது நடக்கவே இல்லை. பல வருடங்கள் சேர்ந்து வாழ்ந்தார்கள், நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். பிரிவு வந்தபோது விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: அந்தச் சடங்கைச் சட்டப்படி 'செல்லாத திருமணம்' என்றுகூடச் சொல்ல முடியாது; சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் திருமண நிகழ்ச்சியே அது இல்லை!

செல்லாத திருமணம் என்றாலாவது, அதை ரத்து செய்யும்போது சொத்தில், பராமரிப்பில் பங்கு கேட்டு நீதிமன்றத்தை நாடலாம். திருமணமே இல்லை என்றால் அந்த வாசலும் மூடப்படும். சடங்கை மட்டும் நம்பி வெளிநாட்டில் கழுத்தை நீட்டும் எந்தப் பெண்ணுக்கும், எந்த மதமாக இருந்தாலும், இந்தத் தீர்ப்பு ஓர் எச்சரிக்கை.

மூன்று வழிகள்

இந்தியக் குடிமகன் அல்லது குடிமகள் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொள்ள மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, அந்த நாட்டுச் சட்டப்படியே செய்துகொள்வது. நோட்டீஸ், தங்கியிருக்க வேண்டிய நாள்கள், சாட்சிகள் எல்லாம் அந்த நாடு சொல்கிறபடி. பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுதான்.

இரண்டாவது வழி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் செய்துகொள்வது. இதற்கென்றே நமக்கு 'வெளிநாட்டுத் திருமணச் சட்டம் 1969' இருக்கிறது. இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். இருவருக்குமே உயிரோடு இருக்கும் கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது.

இதில் பலர் தவறவிடுவது நாள் கணக்கை. நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் குறைந்தது 30 நாள், இருவரில் ஒருவராவது அந்தத் திருமண அலுவலரின் எல்லைக்குள் குடியிருந்திருக்க வேண்டும். நோட்டீஸ் வெளியிட்ட பிறகு, யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் இந்தியாவிலும் வெளியாகும். அதன் பிறகுதான் மூன்று சாட்சிகள் முன்னிலையில் கல்யாணம். நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இருவரில் ஒருவர் ஏற்கெனவே அங்கே வேலையில் இருந்தால் முதல் 30 நாள் பிரச்னை இல்லை. இருவருமே இங்கிருந்து கிளம்பிப் போவதாக இருந்தால், இரண்டு மாதம் அங்கேயே இருக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். எல்லா நாடுகளிலும் எல்லாத் தூதரகங்களிலும் இப்படித் திருமணம் நடத்திவைப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. உள்ளூர்ச் சட்டம் தடுக்கும் திருமணத்தை மறுக்கத் திருமண அலுவலருக்கு அதிகாரம் உண்டு. அதனால் முதலில் தூதரகத்துக்கு ஒரு இமெயில் அனுப்பிக் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது வழி, சட்டப்படியான கல்யாணத்தை இங்கேயே முடித்துக்கொண்டு, கொண்டாட்டத்தை மட்டும் வெளிநாட்டில் வைத்துக்கொள்வது. பாலி, தாய்லாந்து என்று 'டெஸ்டினேஷன் வெட்டிங்' போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. தாய்லாந்தில் கடற்கரையில் எவ்வளவு அழகாக மணவறை போட்டாலும், மாவட்ட அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் அது அந்த நாட்டில் திருமணம். இந்தோனேஷியாவில் மத முறைப்படி திருமணம் நடந்து, அது அரசுப் பதிவிலும் ஏற வேண்டும். இந்தப் பேப்பர்களுக்கெல்லாம் அலைய முடியாது என்றால், ஊரிலேயே சட்டப்படி முடித்துவிட்டுப் போவதுதான் சரி. சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ் செய்வதாக இருந்தால், அங்கேயும் 30 நாள் நோட்டீஸ் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகளில்...

சிங்கப்பூர்: அங்கே 1961 செப்டம்பர் 15 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் 'பெண்கள் சாசனம்' என்ற சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். வெறும் சம்பிரதாயத் திருமணம் அன்றிலிருந்து செல்லாது. நோட்டீஸுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் குறைந்தது 21 நாள் வேண்டும். குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள் கல்யாணத்தை முடித்துவிடவும் வேண்டும். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் தேவை. திருமணம் நடத்திவைக்க அரசு உரிமம் பெற்றவர்களில் நம் கோயில் சார்ந்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒரே மேடையில் தாலியும் பதிவும் முடித்துவிடலாம்.

சிங்கப்பூரில் 'வொர்க் பெர்மிட்'டில் வேலை பார்க்கும் தம்பிகள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகளையோ, நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால், முன்கூட்டியே அந்த நாட்டு மனிதவள அமைச்சின் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணம் சிங்கப்பூருக்கு வெளியே நடந்தாலும் இதே விதிதான். 'ஊருக்கு வந்து கட்டிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது' என்று நினைத்தால், மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைவதே சிக்கலாகிவிடும்.

மலேசியா: முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1976-ல் வந்து, 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்தால்தான் திருமணம். சில கோயில்களில் உதவிப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். 'உங்கள் கோயிலில் பதிவு செய்ய அதிகாரம் உள்ளவர் இருக்கிறாரா?' என்று மண்டபம் புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

பிரிட்டன்: இங்கிலாந்து, வேல்ஸில் நோட்டீஸ் கொடுத்த பிறகு 28 நாள் காத்திருக்க வேண்டும். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டவர் என்றால் இதை 70 நாள் வரை நீட்டிக்க அதிகாரம் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் இருந்து திருமண வயது 18. பெற்றோர் சம்மதித்தாலும் 16, 17 வயதில் முடியாது. கோயில் கல்யாணம் சட்டப்படி செல்ல வேண்டும் என்றால், அந்தக் கட்டடம் திருமணத்துக்காகப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால், பதிவு அலுவலகத்தில் ஒரு நாள், கோயிலில் ஒரு நாள் என்று இரண்டு நிகழ்ச்சியாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆஸ்திரேலியா: கல்யாணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, திருமணம் நடத்திவைக்க உரிமம் பெற்றவரிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் 18 மாதம் வரை செல்லும்.

பிரான்ஸ்: நகராட்சி அலுவலகத்தில் நடப்பது மட்டுமே சட்டப்படி கல்யாணம். அதற்கு முன் மதச் சடங்கு நடத்திவைப்பதை வழக்கமாகக் கொண்ட மதகுருவுக்கே தண்டனை உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்கு இது பழகிய விஷயம். அவர்கள் இங்கே ஊரில் கல்யாணம் செய்வதானாலும், முதலில் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் 'திருமணம் செய்யத் தடை இல்லை' என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். அறிவிப்பை 10 நாள் ஒட்டிவைப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் அதை பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முதல் படியைத் தாண்டிக் குதித்தவர்களுக்கு இரண்டாவது படியில் தாமதம் நிச்சயம்.

அமெரிக்கா: அங்கே ஒரே சட்டம் கிடையாது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பொதுவாக, கவுன்டி அலுவலகத்தில் 'மேரேஜ் லைசென்ஸ்' வாங்கிவிட்டுத்தான் கல்யாணம். லாஸ் வேகாஸில் அந்த அலுவலகம் நள்ளிரவு வரை திறந்திருக்கும், காத்திருக்கவே வேண்டாம். நியூயார்க்கில் லைசென்ஸ் வாங்கி 24 மணி நேரம் கழித்துத்தான் முடியும்.

அபுதாபி: முஸ்லிம் அல்லாதவர்கள் மதச்சடங்கு இல்லாமல் நீதிமன்றத்தில் சிவில் திருமணம் செய்துகொள்ள 2021-ல் தனிச் சட்டம் வந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது புதிதாகத் திறந்த வழி.

நாள் கணக்கும் கட்டணமும் அவ்வப்போது மாறக்கூடியவை. கிளம்பும் முன் அந்த நாட்டு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தாய்மாமன், அத்தை மகன்... முறை இருக்கா?

நம் ஊரில் 'முறைப்பையன்' என்றாலே தனி உரிமை. ஆனால், எல்லா நாட்டுச் சட்டத்துக்கும் அந்த முறை தெரியாது.

இங்கிலாந்தில் அத்தை மகனை மணக்கலாம், தாய்மாமனை மணக்க முடியாது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் அத்தை மகன், மாமன் மகள் திருமணத்துக்குத் தடை இல்லை. நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் டெக்சாஸில், 2005 முதல் அதற்குத் தடை.

மலேசியச் சட்டம் மட்டும் நம் வழக்கத்தைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. நெருங்கிய உறவுகளுக்குள் திருமணம் கூடாது என்று பட்டியல் போட்டுவிட்டு, இந்துக்கள் தங்கள் வழக்கப்படி அக்கா, தங்கை மகளையோ தாய்மாமனையோ மணப்பதை இது தடுக்காது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களாகப் போன தமிழர்கள் கொண்டுபோன வழக்கம், இன்று அந்த நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நம்முடைய 1969 சட்டமும், மணமக்களில் ஒருவருடைய வழக்கம் அனுமதித்தால் இப்படிப்பட்ட திருமணத்தை ஏற்கிறது. ஆனாலும், போகிற நாட்டின் சட்டத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

'ஊர்ல ஒரு சின்னக் கல்யாணம்' என்ற பெரிய தப்பு

அமெரிக்கக் குடிமகனை மணக்கப்போகும் பெண்ணுக்கு 'கே-1' என்ற விசா உண்டு. நிச்சயிக்கப்பட்டவருக்கான விசா அது. இதில் போனால் 90 நாளுக்குள் அங்கே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். மனு போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பதும் பொதுவான நிபந்தனை. வீடியோ காலில் பார்த்துப் பேசி நிச்சயம் செய்தது இந்தக் கணக்கில் வராது.

விசா வரக் காத்திருக்கும் நேரத்தில்தான் வீட்டுப் பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை. அவங்க கண் முன்னால குலதெய்வம் கோயில்ல ஒரு தாலி கட்டிடலாம். மத்ததை அங்க போய் வெச்சுக்கலாம்." ஆசை நியாயமானதுதான். ஆனால், தாலி கட்டிய அந்த நிமிடமே இந்தியச் சட்டப்படி அவள் மனைவி. மனைவிக்கு, நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கான விசா கிடையாது! மறைத்துச் சொன்னால் அது பொய்த் தகவல். முதலில் இருந்து வேறு விசாவுக்கு மனு போட்டு, மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பாட்டியின் ஆசையை நிறைவேற்ற வேறு வழி இருக்கிறது. நிச்சயதார்த்தத்தைச் சிறப்பாகச் செய்யுங்கள். தாலி கட்டுவதாக இருந்தால், அதையே சட்டப்படியான கல்யாணமாக வைத்து, பதிவு செய்து, மனைவிக்கான விசாவுக்கே நேராக மனு போடுங்கள். இரண்டு படகிலும் கால் வைப்பதுதான் ஆபத்து.

பேப்பர் வேலைகள்

எந்த நாடாக இருந்தாலும் கேட்பது மூன்றுதான். நீங்கள் யார்? வயது என்ன? இப்போது தனியாள்தானா?

முதல் கேள்வியிலேயே நம்மவர்கள் மாட்டிக்கொள்வதுண்டு. காரணம், நம் இனிஷியல்! பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'சர்நேம்' இடத்தில் விரிவாக. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், வெளிநாட்டுப் பதிவாளருக்குத் தெரியாது. சிலருடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே சேர்த்திருக்க மாட்டார்கள். 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருக்கும். இதையெல்லாம் கல்யாணத் தேதி குறிப்பதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில், திருமணமாகாதவர் சான்றிதழ். தமிழ்நாட்டில் இ-சேவை மூலம் வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்து வாங்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கேட்கலாம். சில நாடுகள் இத்தனை மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்கும். ரொம்ப முன்னதாக வாங்கிவைத்தும் பயனில்லை.

இந்தச் சான்றிதழ்கள் வெளிநாட்டில் செல்ல வேண்டும் என்றால் 'அப்போஸ்டில்' முத்திரை தேவைப்படும். 1961-ல் உருவான ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்து, 2005 முதல் அது நமக்கு நடைமுறையில் இருக்கிறது. மாநில அளவில் சான்றொப்பம் வாங்கிய பிறகு வெளியுறவு அமைச்சகம் இந்த முத்திரையைக் கொடுக்கும். சென்னையிலேயே அதற்கு வசதி உண்டு. சிங்கப்பூர் 2021-லும், கனடா 2024-லும் இந்த உடன்படிக்கையின்கீழ் வந்துவிட்டன. இதில் சேராத நாடு என்றால், அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வாங்க வேண்டும்.

மறுமணம் என்றால் இரண்டு மடங்கு கவனம்

முதல் திருமணம் விவாகரத்தில் முடிந்தவர்கள், அந்தத் தீர்ப்பு இரண்டு நாட்டிலும் செல்லுமா என்று பார்க்க வேண்டும். திருப்பதியில் 1975-ல் திருமணம் செய்துகொண்ட ஒருவர், பிறகு அமெரிக்காவின் மிசௌரி நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கி மறுமணமும் செய்துகொண்டார். 1991-ல் நம் உச்ச நீதிமன்றம் அந்த விவாகரத்தை ஏற்க மறுத்துவிட்டது. இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள காரணத்துக்காக அந்த விவாகரத்து வழங்கப்படவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

எதிர்த்தரப்பு மனமொப்பி வழக்கில் கலந்துகொண்டு வாதாடியிருந்தாலோ, விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தாலோ நிலைமை வேறு. அதனால், வெளிநாட்டு விவாகரத்துத் தீர்ப்பைக் கையில் வைத்திருக்கும் மாப்பிள்ளையோ பெண்ணோ வந்தால், தீர்ப்பின் நகலை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை. முதல் திருமணம் சட்டப்படி முடியாமல் அடுத்தது நடந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதைவிட, நம்பி வந்த இரண்டாவது மனைவிக்கு மனைவி என்ற இடமே கிடைக்காது.

லீவு முடிந்துவிட்டால்?

நோட்டீஸ் நாள்கள் ஓடுவதற்குள் மாப்பிள்ளையின் லீவு முடிந்துவிட்டால் என்ன செய்வது? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இப்படித்தான் நடந்தது. மணமகன் அமெரிக்காவில் வசிப்பவர். இருவரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போய் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். 30 நாள் முடிந்தும் கல்யாணம் நடக்கவில்லை. மணமகன் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அந்தப் பெண் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். 2022 ஜூலையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ மூலம் திருமணம் நடத்த உத்தரவிட்டார். மணமகன் கொடுத்த பவர் பத்திரத்தின் அடிப்படையில் அவருக்காகவும் மணமகளே கையெழுத்திடலாம் என்றார்.

நல்ல தீர்ப்புதான். ஆனால், ஒரு கையெழுத்துக்காக அந்தப் பெண் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அவர்கள் இருவரும் முதலில் நேரில் போய் விண்ணப்பித்திருந்தது வழக்குக்குப் பலம் என்பதையும் கவனியுங்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு

வெளிநாட்டுச் சட்டப்படி நடந்த திருமணத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் 1969 சட்டத்தின் 17-வது பிரிவின் கீழ் பதிவு செய்துகொள்ளலாம். பதிவு செய்யாததாலேயே அந்தத் திருமணம் செல்லாமல் போய்விடாது. ஆனால், கையில் இந்தியச் சான்றிதழ் இருந்தால் பின்னால் பல வேலைகள் சுலபம்.

வெளிநாட்டுக்காரரை மணந்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியரின் வெளிநாட்டுத் துணைவர் 'ஓ.சி.ஐ.' அட்டைக்கு விண்ணப்பிக்க, திருமணம் பதிவாகி, விண்ணப்பிக்கும் முன் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப்போட்டால் இதுவும் தள்ளிப்போகலாம்.

வெளிநாடுவாழ் இந்தியர்களின் திருமணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்ட ஆணையமும் 2024-ல் தன் 287-வது அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறது. கைவிடப்பட்ட மனைவி நியாயம் கேட்டுப் போகும்போது, அவள் கையில் இருக்க வேண்டிய முதல் ஆயுதம் அந்தச் சான்றிதழ்தான்.

தேதி குறிக்கும் முன் ஏழு கேள்விகள்

1. கல்யாணம் எந்த நாட்டுச் சட்டப்படி நடக்கப்போகிறது?

2. அதற்கு எத்தனை நாள் நோட்டீஸ்? எத்தனை நாள் அங்கே தங்க வேண்டும்?

3. போகிற விசாவில் கல்யாணம் செய்துகொள்ள அனுமதி உண்டா?

4. நடத்திவைப்பவருக்கும் இடத்துக்கும் சட்ட அங்கீகாரம் இருக்கிறதா?

5. எல்லாச் சான்றிதழ்களிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? அப்போஸ்டில் வேண்டுமா?

6. முந்தைய திருமணம் இருந்தால், அது இரு நாட்டிலும் சட்டப்படி முடிந்துவிட்டதா?

7. கல்யாணம் முடிந்ததும் சான்றிதழ் யார் கொடுப்பார்கள்? அதன் அசல் பிரதி யாரிடம் இருக்கும்?

கடைசிக் கேள்விக்கு நாம் சொல்வது: பெண்ணிடமும் ஒன்று இருக்கட்டும். பெரும்பாலான இடங்களில் கட்டணம் கட்டினால் கூடுதல் சான்றுநகல்கள் கிடைக்கும். நகையோடு அதையும் பத்திரமாக வைத்துக் கொடுத்தனுப்புங்கள்.

இப்போது அந்தச் சம்பந்திகளின் பேச்சுக்கே வருவோம். தை மாதம் லண்டனில் கல்யாணம் தாராளமாக நடக்கலாம். ஆனால், மேரேஜ் விசிட்டர் விசாவுக்கு முன்கூட்டியே மனு போட வேண்டும். நோட்டீஸ் கொடுக்கப் பெண்ணும் அங்கே நேரில் இருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுக்கும் முன் ஒரு வாரமாவது தங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு 28 நாளோ 70 நாளோ காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கூட்டினால், தை முகூர்த்தத்துக்கான வேலையை ஆவணிக்குள்ளாவது ஆரம்பித்திருக்க வேண்டும்.

பஞ்சாங்கத்தைப் பிரிக்கும்போதே காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சம்பந்தி!